குளத்து நீச்சல் வேறு, கடல் நீராடல் வேறு

தமிழ்நாட்டின் கடற்கரை பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றி மேற்கே நீரோடி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. இதன் பெரும்பகுதி மணற்கரையாகும். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இராமேசுவரத்திற்கும், வைகாசி விசாகத்திலும் கந்த சஷ்டியிலும் திருச்செந்தூருக்கும், ஆவணித் திங்களில் வேளாங்கண்ணிக்கும், காணும் பொங்கலன்று மெரினாவிற்கும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக வருகின்றனர். கடலைக் காண்பதும் அதில் நீராடுவதும் பலருக்கு ஆண்டில் ஒரு முறையே வாய்க்கும் மகிழ்ச்சியாகும். ஆனால் இம்மகிழ்ச்சி சில குடும்பங்களுக்குத் தீராத் துயரமாக முடிந்துவிடுகிறது.

இவ்வாறு உயிரிழப்போரில் நீந்தத் தெரியாதவர் மட்டும் இருப்பதில்லை. ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் குதித்து நீந்திப் பழகிய இளைஞரும் இருக்கின்றனர். கிணற்று நீர் நிலையானது. அதன் ஆழம் மாறுவதில்லை. நான்கு கை வீசினால் படி கிடைத்துவிடும். கடலோ ஒரு கணம்போல் மறு கணம் இருப்பதில்லை. நேற்று இடுப்பளவு ஆழமாக இருந்த இடம் இன்று தலைக்கு மேல் ஆழமாக இருக்கக்கூடும். நீரும் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். குளத்தில் பெற்ற துணிவைக் கடலுக்குக் கொண்டு செல்வதே பல விபத்துகளுக்குக் காரணம். ஆதலால் கடலின் இயல்பைச் சிறிதேனும் அறிந்துகொள்வது கரையோர மக்களைவிட உள்நாட்டு மக்களுக்கே மிகவும் அவசியமாகும்.

இழுப்பு எவ்வாறு உண்டாகிறது?

அலைகள் ஓயாமல் நீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தள்ளப்பட்ட நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணற்கரைகளில் கரையிலிருந்து சற்றுத் தொலைவில் நீருக்குள் மணல் திட்டு ஒன்று கரைக்கு இணையாக அமைந்திருப்பதுண்டு. அலைகள் அத்திட்டின் மேல் உடைகின்றன. திட்டிற்கும் கரைக்கும் இடையே நீர் தேங்குகிறது.

வயலில் தேங்கிய நீர் என்ன செய்கிறது என்பதை உழவர் நன்கறிவர். வரப்பில் எங்கே உடைப்பு இருக்கிறதோ, அவ்விடத்தை நாடி நாற்புறத்து நீரும் ஓடிவந்து, அவ்வொரு வழியே விரைந்து வெளியேறும். கடலிலும் இதுவே நிகழ்கிறது. மணல் திட்டில் தாழ்ந்த இடம் ஒன்று அமைந்துவிட்டால், தேங்கிய நீர் முழுவதும் அவ்வழியாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. இதுவே இழுப்பு நீரோட்டம்.

இதன் அகலம் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர் வரை இருக்கும். வினாடிக்கு அரை மீட்டர் வேகம் இதற்குச் சாதாரணம். சில வேளைகளில் 2 மீட்டரையும் கடந்துவிடும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் உலக சாதனை படைத்த வீரர் எடுத்துக்கொண்ட நேரம் 46.40 வினாடி. அதாவது, வினாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகம். உலகின் மிக விரைந்த நீச்சல் வீரரே எதிர்த்து நீந்த முடியாத வேகத்தை நம் ஊர் இளைஞர் எதிர்த்து வெல்வது எங்ஙனம்?

“கடல் கீழே இழுத்துவிட்டது” என்று மக்கள் கூறுவர். உண்மையில் இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை. வெளியே, அதாவது ஆழத்தை நோக்கி, கொண்டு செல்கிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்துப்போகிறார், களைத்தபின் மூழ்குகிறார். உயிரைப் போக்குவது நீரின் வேகத்தைவிட அச்சமும் களைப்புமே. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் தப்பிப் பிழைக்க வழியுண்டு.

அமைதியான இடமே அபாயமான இடம்

இழுப்பு ஓடும் இடத்தைக் கண்ணால் கண்டுகொள்ளலாம். கடற்கரையை அடைந்தவுடன் நீரில் இறங்காமல், சற்று மேடான இடத்தில் நின்று பத்து நிமிடங்கள் கடலைக் கவனிக்க வேண்டும். பின்வரும் அடையாளங்கள் தென்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1. இருபுறமும் அலைகள் வெண்ணுரையுடன் உடைய, நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் இருத்தல்.
2. அவ்விடத்து நீர் மற்ற இடங்களைவிடக் கருமையாகத் தோன்றுதல். இஃது ஆழத்தைக் காட்டும்.
3. நுரை, கடற்பாசி, கலங்கிய மணல் ஆகியவை கரையிலிருந்து கடலை நோக்கிச் செல்லுதல்.
4. நீரின் மேற்பரப்பு சிறு சிறு நெளிவுகளுடன் குழம்பிக் காணப்படுதல்.

அலை இல்லாத இடம் குழந்தைகளுக்கு ஏற்றதென்று எண்ணிப் பலர் அங்கேயே இறங்குகின்றனர். வரப்பின் உடைப்பில் சென்று நிற்பதற்கு ஒப்பானது இச்செயல். அலை உடையாமல் இருப்பதற்குக் காரணம் அங்கே ஆழம் மிகுந்திருப்பதேயன்றி, கடல் அமைதியாக இருப்பதன்று. இவ்வடையாளங்கள் எப்பொழுதும் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பதும் இல்லை. காற்று மிகுந்த நாளில் கடல் முழுவதுமே குழம்பியிருக்கும். அந்நாளில் இறங்காதிருப்பதே நன்று.

இடத்தை அறிந்து இறங்குக

கடற்கரைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. இராமேசுவரம் தீவின் வடபுறம் உள்ள பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலும் அலையடங்கி இருப்பது. அதனை அப்பகுதி மக்கள் ‘பெண் கடல்’ என்பர். தென்புறம் உள்ள மன்னார் வளைகுடா அலை மிகுந்தது. அதனை ‘ஆண் கடல்’ என்பர். அக்னி தீர்த்தத்தில் அச்சமின்றி நீராடிய யாத்திரிகர், அதே நம்பிக்கையுடன் தனுஷ்கோடி முனைக்குச் சென்று இறங்குவது பேராபத்தாகும். இரு கடல்களும் சந்திக்கும் அம்முனையில் நீரோட்டம் வலிமை மிக்கது.

சென்னை மெரினாவில் மணற்பரப்பு மிக அகன்றது. ஆனால் நீர் விளிம்பைக் கடந்தவுடன் கரை சரிந்து ஆழமாகிறது. அலைகளும் விளிம்பிற்கு மிக அருகிலேயே ஓங்கி விழுகின்றன. மணல் அகலமாக இருப்பதைக் கண்டு நீரும் ஆழமற்றிருக்கும் என்று கருதலாகாது. திருச்செந்தூரில் அண்மை ஆண்டுகளில் மணல் அரிக்கப்பட்டுக் கரையில் படிபோன்ற பள்ளங்கள் தோன்றியுள்ளன. முதியோர் அங்கே கால் ஊன்றும்பொழுது கவனம் தேவை.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்கள் எங்கும் அபாயமானவை. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார் இதற்கு எடுத்துக்காட்டு. ஆற்று நீரும் இறங்கும் கடல் நீரும் ஒரே வழியில் விரைவதால் அங்கு இழுப்பு மிகுதி. மணலும் நாளுக்கு நாள் இடம் மாறும். அலை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி அமைக்கப்பட்டுள்ள தூண்டில் வளைவுகளின் அருகிலும் இறங்கலாகாது. கரையோரமாக ஓடிவரும் நீர் அக்கற்களில் மோதி, அவற்றை ஒட்டியே கடலுக்குள் திரும்பிவிடும். பாசி படர்ந்த கற்களின் மேல் ஏறி நிற்பதும் தவறு.

காலத்தை அறிந்து இறங்குக

கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கடல் கொந்தளிப்பாக இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவமே கடுமையான காலம். ஒரு கரையில் கடல் அடங்கியிருப்பது கண்டு மறு கரையைப் பற்றி முடிவு செய்ய இயலாது.

நம் புனித நீராடல்கள் பெரும்பாலும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வருகின்றன. அந்நாட்களில் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைவதால் கடல் ஏற்றமும் வற்றமும் மற்ற நாட்களைவிட அதிகம். வற்றத்தின்போது நீர் கடலை நோக்கி இறங்குவதால் முகத்துவாரங்களிலும் மணல் திட்டுகளின் இடைவெளியிலும் இழுப்பு கூடுகிறது. கூட்டம் மிகுந்த நாளே கடலின் வேகமும் மிகுந்த நாள் என்பதை யாத்திரிகர் நினைவில் வைக்க வேண்டும்.

வானம் தெளிவாக, காற்றும் அடங்கியிருக்கையில் கடல் திடீரெனப் பொங்குவதுண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலால் எழுந்த நெடிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரையை அடைவதே இதற்குக் காரணம். கள்வனைப் போல் அறிவிப்பின்றி வருவதால் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். கேரள மீனவர் வழங்கிய இச்சொல்லை யுனெஸ்கோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில் அறிவியற் சொல்லாக ஏற்றது. 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்நாட்களில் கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் அது மக்களைச் சென்று சேராவிடில் பயனில்லை என்பதற்கு இத்துயர நிகழ்ச்சி சான்றாகும்.

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. புறப்படுமுன் வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் அல்லது கைப்பேசி வாயிலாக இவற்றை அறிந்துகொள்ளுதல் நலம். கடல் நீர் இயல்புக்கு மாறாகத் திடீரென நெடுந்தொலைவு உள்வாங்குமாயின், வேடிக்கை பார்க்க நிற்காமல் உடனே மேட்டுப் பகுதிக்கு விரைய வேண்டும். ஆழிப்பேரலைக்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதை 2004 டிசம்பர் 26 நமக்குக் கற்பித்தது.

நீராடுவோர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவதாக, அவ்வூர் மீனவரைக் கேட்டறிய வேண்டும். “இன்று இறங்கலாமா? எங்கே இறங்கலாம்?” என்ற இரு கேள்விகள் போதும். கரையில் நின்றே நீரோட்டத்தின் போக்கை அறியும் அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

காவலர் இருக்கும் இடத்திலேயே நீராட வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நடப்பட்டிருப்பின், அவற்றின் இடைப்பட்ட பகுதி காவலில் உள்ளது என்று பொருள். சிவப்புக் கொடி மட்டும் இருப்பின் இறங்கலாகாது. நீச்சல் தெரியாதவர் முழங்கால் அளவிற்கு மேல் செல்லுதல் கூடாது. அலைகள் கூட்டம் கூட்டமாக வருவன. சிறிது நேரம் அடங்கியிருந்து, அடுத்துப் பெரிய அலைகள் தொடர்ந்து வரக்கூடும். ஆதலால் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதும், நிழற்படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நடப்பதும் கூடா.

குழந்தைகள் எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ‘யாரேனும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று எல்லோரும் எண்ணும்பொழுது ஒருவரும் பார்ப்பதில்லை. இன்னார் இன்ன குழந்தைக்குப் பொறுப்பு என்று இறங்குமுன்னரே பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். சேலை, வேட்டி போன்ற நீண்ட உடைகள் நனைந்தவுடன் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். பெண்டிர் கரை விளிம்பிலேயே அமர்ந்து நீராடுதல் நன்று. மது அருந்தியவரை நீரில் இறங்க விடலாகாது. இருட்டிய பின்னும் தனியாகவும் இறங்கலாகாது.

காற்றடைத்த டியூபை நம்பி நீந்தத் தெரியாதவர் ஆழத்திற்குச் செல்வதும் தவறு. கிழக்குக் கரையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதாகும். அது டியூபையும் ஆளையும் ஒருங்கே தள்ளிக்கொண்டு போய்விடும்.

இழுப்பில் சிக்கினால்

முதற்கண் அச்சத்தை அடக்க வேண்டும். உப்புநீர் குளத்து நீரைவிட அடர்த்தி மிகுந்ததாதலால் உடல் எளிதில் மிதக்கும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். கரையை நோக்கி நேராக நீந்தலாகாது. ஒரு கையை உயர்த்தி அசைத்து உதவி கேட்க வேண்டும். நீந்த வலிமை உள்ளவர் கரைக்கு இணையாக, பக்கவாட்டில், அலை உடையும் இடத்தை நோக்கி நீந்த வேண்டும். நீரோட்டம் அகலம் குறைந்ததாதலால் சிறிது தூரத்தில் அதன் பிடி விலகும். பின்னர் அலைகளே கரைக்குத் தள்ளிவிடும். வலிமை இல்லாதவர் மிதந்துகொண்டே இருக்கலாம். அலை உடையும் எல்லைக்கு அப்பால் சென்றதும் இழுப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

பிறரைக் காப்பாற்றும் முறை

மூழ்குபவர் கூக்குரலிடுவார் என்று எதிர்பார்க்கலாகாது. மூச்சுக்கே தவிப்பவருக்குக் கூவ இயலாது. தலை பின்சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்க, ஏணி ஏறுவதுபோல் கைகளை அசைத்துக்கொண்டு அவர் ஓசையின்றியே மூழ்குவார்.

ஒருவரைக் காக்கப் பயிற்சியின்றிக் குதித்து, தாமும் மாண்டவர் பலர். அண்ணன் பின்னே தம்பியும், மகன் பின்னே தந்தையும் இவ்வாறு போய்விடுகின்றனர். ஆதலால் கரையிலிருந்தே உதவுவதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். முதலில் மீனவரையும் காவலரையும் கூவி அழைக்க வேண்டும். அடுத்து, மிதக்கக்கூடிய பொருளை எறிய வேண்டும். மூடி இறுகிய 20 லிட்டர் காலித் தண்ணீர்க் கேன் ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தாங்கி மிதக்கும். ஒருவர் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க இதுவே போதும். கயிறு இல்லாவிடில் இரண்டு மூன்று சேலைகளை முடிந்து எறியலாம். 112, 108 ஆகிய எண்களுக்கும், கடலோரக் காவல் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவற்படையின் 1554 ஆகிய எண்களுக்கும் உடனே செய்தி தரலாம்.

கரையேற்றிய பின்

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்குவதும், தலைமேல் வைத்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் கிராமங்களில் இன்றும் காணப்படும் பழக்கங்கள். இவை பயனற்றவை, தீங்கும் விளைவிப்பவை. வயிற்றிலுள்ள நீரன்று, மூச்சில்லாமையே உயிரைப் போக்குவது.

மூழ்கியவரைத் தரையில் மல்லாந்து கிடத்தி, நெற்றியைப் பின்னோக்கிச் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும் அளவிற்கு ஐந்து முறை மூச்சு ஊத வேண்டும். பின்னர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, பெரியவர்க்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், 30 முறை அமுக்க வேண்டும். அடுத்து இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது மூச்சு திரும்பும்வரை இதனை விடாது செய்ய வேண்டும். மூச்சு திரும்பியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் நன்று. அவர் எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்பத் தவறலாகாது. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

கடலோர ஊராட்சிகள் செய்யத் தக்கவை

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் இயற்றிய தீர்மானத்தின்படி ஜூலை 25 நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாகக் கொள்ளப்படுகிறது. ‘கடல் காவு கேட்டது’ என்று விதியின்மேல் பழிபோட்டு அமைதி அடைவது இனியும் தகாது.

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை பல உள. இழுப்பு உள்ள இடங்களை மீனவப் பெரியோரைக் கேட்டுக் குறித்து, யாவருக்கும் விளங்கும் படத்துடன் பலகை நடலாம். மணல் இடம் மாறுவதால் பருவந்தோறும் இடத்தை மாற்றி அமைக்க வேண்டும். கயிறு கட்டிய மிதவைகளைக் கம்பங்களில் தொங்கவிடலாம். திருவிழா நாட்களில் மீனவ இளைஞருக்குப் பயிற்சியளித்துப் படகுடன் காவலில் அமர்த்தலாம். உள்நாட்டு ஊராட்சிகளோ, சுற்றுலாப் பேருந்து புறப்படுமுன் அரைமணி நேரம் இச்செய்திகளை எடுத்துரைக்க ஏற்பாடு செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலோடு, மிதந்து உதவி கேட்கும் முறையையும் கற்பிக்க வேண்டும். மே 1, ஆகஸ்டு 15 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகள் இவற்றை விவாதிக்க ஏற்ற இடங்களாகும்.

மன்றத்தில் கலந்துரையாட

1. அலை உடையாத இடம் ஏன் அபாயமானது? வயல் வரப்பைக் கொண்டு விளக்குக.
2. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீராடுவோருக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?
3. இழுப்பில் சிக்கியவர் எத்திசையில் நீந்த வேண்டும்? நீந்த இயலாதவர் என்ன செய்ய வேண்டும்?
4. மூழ்கியவரை வயிற்றில் அமுக்குவது ஏன் தவறு? சரியான முறையைச் செய்து காட்டுக.
5. நம் ஊரிலிருந்து அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும் குழுவில், எந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு? கயிறும் மிதவையும் கொண்டு வருபவர் யார்?